தவக்காலத்தில் ஒரு கலியாணம்

மொன்ட்ரியாலில் ஹொக்கிப் பை தூக்கிக்கொண்டு வருகிறவனை எந்த ஹோட்டல்காரனும் மறித்து விசாரிப்பதில்லை. இந்த உண்மையைக் கண்டுபிடித்தவன் ஹென்றி. அவனுடைய பைக்குள் மூன்று லைட்டுகள், அவற்றுக்கான ஸ்டாண்டுகள், ஒரு சுருள் வயர், வெளிச்சத்தை மென்மையாக்க ஒரு வெள்ளைச் சீலை எல்லாம் இருக்கும். மேலே ஒப்புக்கு ஒரு ஹொக்கி மட்டை நீட்டிக்கொண்டிருக்கும். மன்னாரில் பிறந்து வளர்ந்த ஹென்றிக்கு ஐஸ் என்றால் மீனுக்கு மேலே கொட்டுகிற சாமான். அதன்மேல் ஏறி நின்று விளையாடுவார்கள் என்பதை அவன் இன்னும் முழுமனதாக நம்பவில்லை. ஆனாலும் விமான நிலையத்துப் பக்கத்து ஹோட்டல் வாசலில் யாராவது "இன்றைக்கு ஆட்டம் எங்கே?" என்று கேட்டால், "லவாலில்" என்று சொல்லிவிட்டு நிற்காமல் நடந்துவிடுவான்.

ஊருக்குத் தெரிந்த ஹென்றி கலியாண வீடியோக்காரன். மொன்ட்ரியால்-நோரில் அவன் வீட்டின் நிலக்கீழ் அறைதான் ஸ்டூடியோ. அவன் எடுத்துக்கொண்டு வருவதை வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டு, பூவும் இதயமும் பறக்கவிடுவது மனைவி ஜொய்சியின் வேலை. கோடையில் இரண்டு பேருக்கும் மூச்சுவிட நேரமிருக்காது. கலியாணம், பெட்டை பெரியபிள்ளையான சாமத்தியவீடு, கோயிலில் முதல் நன்மை, ஐம்பதாவது பிறந்தநாள் என்று சனம் வரிசையில் நிற்கும். குளிர்காலம் வந்தால் சைவக்காரர் மார்கழியில் கட்டமாட்டார்கள், வேதக்காரர் தவக்காலத்தில் கட்டமாட்டார்கள், நடுவில் கிடைக்கிற நாட்களில் பனி கொட்டும். கமராவுக்குத் துணி போர்த்திவிட்டு ஹென்றி யன்னலோரம் குந்தியிருக்க வேண்டியதுதான்.

அப்படிக் குந்தியிருந்த ஒரு குளிர்காலத்தில்தான் கமரா திருத்துகிற கடையில் சில்வியைச் சந்தித்தான். சில்விக்கு ஐம்பது வயது. மூக்கு நுனியில் கண்ணாடியும் கையில் எப்போதும் கோப்பியுமாகப் பார்க்கப் பள்ளிக்கூட அதிபர் மாதிரி இருப்பாள். "சின்ன அறையில், கூச்சப்படுகிற ஆட்களை, சத்தம் போடாமல் படம் எடுக்க உன்னால் முடியுமா?" என்று கேட்டாள். ஹென்றிக்குச் சிரிப்பு வந்தது. பத்து வருடமாக அவன் வேறு என்ன செய்கிறான்? கலியாணப் பொம்பிளை உடுத்து வெளிக்கிடுகிற அறைக்குள் ஆறு மாமிமாரும் ஒரு மேக்கப்காரியும் நிற்க, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டு நின்று எடுத்துப் பழகியவன். "ஓம்" என்றுவிட்டான். எடுக்கப்போவது வளர்ந்தவர்கள் மட்டும், அதுவும் கதவைச் சாத்திவிட்டுப் பார்க்கிற படம் என்பது முதல் நாள் லைட் எல்லாம் பூட்டி முடித்த பிறகுதான் அவனுக்கு விளங்கியது. பூட்டின லைட்டைக் கழற்றிக்கொண்டு போக வெட்கமாக இருந்தது. நின்றுவிட்டான்.

சில்வியின் தொழிலில் ஒரே சட்டம், யாருக்கும் தெரியக்கூடாது என்பது. தெரிந்தால் ஹோட்டல்காரன் அந்த நிமிடமே பெட்டி படுக்கையோடு வெளியே போட்டுவிடுவான். ஆகவே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அறை எடுப்பாள். கேட்டால், விற்பனைப் பயிற்சி வகுப்பு என்பாள். பட்டப்பகலில், மற்ற விருந்தாளிகள் வெளியே போயிருக்கிற நேரத்தில் வேலை நடக்கும். கதவில் தொந்தரவு செய்யவேண்டாம் என்ற அட்டை தொங்கும், ரீவியில் சமையல் நிகழ்ச்சி சத்தமாக ஓடும். நடிக்கிறவர்களும் பழகிய ஆட்கள்தான். மெலனிக்கு வயது முப்பதை எட்டிப் பிடிக்கப் பார்க்கும். இரண்டு காட்சிக்கு நடுவில் கம்பளி நூலில் கால்மேஸ் பின்னுவாள். ஸ்தெபான் ஆறடி உயரம், எந்நேரமும் பசி.

உள்ளதைச் சொன்னால், ஹென்றிக்கு அந்த வேலை சீக்கிரமே சலித்துப்போனது. சாமத்தியவீடு மாதிரித்தான். அடுத்தது என்ன என்று எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் ஒன்றையும் விடாமல் எடுக்கவேண்டும். ஒரே ஒரு குறை. கலியாண வீட்டில் பழகிய கை, ஆணும் பெண்ணும் நெருங்கியவுடன் கமராவைத் தானாகவே திருப்பிப் பூச்சாடிக்கோ யன்னல் சீலைக்கோ கொண்டுபோய்விடும். "ஹென்றி, நான் யன்னல் சீலை விற்கவில்லை" என்று சில்வி எத்தனையோ தரம் சொல்லிவிட்டாள்.

ஜொய்சிக்கு அவன் சொல்லி வைத்திருந்தது, காப்புறுதிக் கம்பனிகளுக்குப் பயிற்சி வீடியோ எடுக்கிறேன் என்பது. அவளும் நம்பி, கம்பனிக்குப் போகிறவர் கசங்கிப் போகக்கூடாது என்று விடிய எழும்பிச் சேட்டை இஸ்திரி போட்டு மினுக்கிக் கொடுப்பாள். அந்தச் சேட்டைப் போட்டுக்கொண்டுதான் ஹென்றி அங்கே போய் நிற்பான். உண்மை தெரிந்தால் என்ன நடக்கும் என்று அவன் அடிக்கடி யோசிப்பான். ஜொய்சி கத்திக் குழறுகிற ரகம் இல்லை. பேசாமல் இருந்துவிடுகிற ரகம். அவள் தன்னைப் பார்க்கிற அந்தப் பார்வை மாறிவிட்டால் வீட்டில் தனக்கு மிச்சம் ஒன்றுமில்லை என்பது ஹென்றிக்குத் தெரியும். அந்தப் பயத்திலேயே நாலு குளிர்காலத்தை ஓட்டிவிட்டான்.

நாலாவது குளிர்காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், அகப்பட்டான்.

லைட் போட்டபடியே இருந்ததில் அறை வெக்கையாகிவிட்டது. மெலனி தலையை ஒழுங்குபடுத்துகிற இடைவெளியில் காற்று வாங்கலாம் என்று ஹென்றி நடைபாதைக்கு வந்தான். கமராவைத் தோளில் இருந்து இறக்காமலே வந்தான், பழக்கதோஷம். எதிரே துவாயும் சவர்க்காரமும் அடுக்கிய வண்டில் ஒன்றைத் தள்ளிக்கொண்டு ஒரு மனிசி வந்தாள். கையில் ரப்பர் உறை, கழுத்தில் மடு மாதா சுருவம் வைத்த சங்கிலி. அந்தச் சங்கிலியை ஹென்றிக்கு நன்றாகத் தெரியும். அவனுடைய கலியாண வீடியோவிலேயே அது பதினைந்து நிமிடம் வருகிறது.

"தம்பி ஹென்றி?"

அல்போன்சம்மா. ஜொய்சியைப் பெற்ற தாய். கர்க்லாண்டில் மருந்துப் பெட்டி அடுக்குகிற வேலையில் இருக்கவேண்டிய ஆள்.

"மாமி! நீங்கள் என்ன இஞ்சை?"

"அங்கை இந்தக் கிழமை வேலை குறைவாம். வேலைக்கு ஆள் அனுப்புற ஏஜென்சிக்காரன் காலமை வான் ஒண்டிலை ஏத்திக்கொண்டு வந்து இஞ்சை இறக்கிவிட்டிட்டான். அதை விடுங்கோ, நீங்கள் என்ன செய்யிறியள்?"

காப்புறுதிக் கம்பனி என்று சொல்ல ஹென்றி வாயைத் திறந்தான். சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அந்த நேரம் பார்த்து அறைக்கதவு திறந்தது. வெள்ளை வெளேரென்ற குளியல் அங்கி, தலை நிறையக் கிளிப், வாய் நிறையச் சிவப்புச் சாயம். மெலனி எட்டிப் பார்த்து, "ஹென்றி, நான் தயார்" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வெள்ளை உடுத்த பெண், ஹோட்டல் அறை, தோளில் கமரா. இத்தனை வருடத்துப் பழக்கம் அவனுக்காகப் பதில் சொல்லிவிட்டது.

"கலியாணம் மாமி. பொம்பிளை வெளிக்கிடுறா."

"கலியாணமோ?" அல்போன்சம்மாவின் புருவம் இரண்டும் மேலே போயின. "தவக்காலத்திலையோ? அதுவும் வெள்ளிக்கிழமையிலை?"

சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு இதே மாமிக்குப் பக்கத்தில்தான் ஹென்றி நின்றவன். எந்த வேதக்காரனும் மறக்கக்கூடாததை மறந்து போனான்.

"அவைக்குக் கோயில் குளம் ஒண்டும் இல்லை மாமி. வெள்ளைக்காரர். சும்மா கையெழுத்துக் கலியாணம்."

"எண்டாலும் பெத்த தாய் ஒரு சொல்லுச் சொல்லமாட்டாவோ, பாஸ்கா முடியட்டும் பிள்ளை எண்டு?"

"தாய் இல்லை மாமி."

பேச்சை முடிக்கவேண்டும் என்றுதான் அப்படிச் சொன்னான். மடையன். தாயில்லாப் பொம்பிளை ஒருத்தி ஒரு கதவுக்கு அந்தப் பக்கம் தனியாக வெளிக்கிடுகிறாள் என்று கேள்விப்பட்டுவிட்டு, வண்டிலைத் தள்ளிக்கொண்டு போகிற மனிசி எங்கள் சனத்தில் இன்னும் பிறக்கவில்லை. அல்போன்சம்மா கை உறையைக் கழற்றினாள், மேலங்கியில் கையைத் துடைத்தாள், ஹென்றியை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டுக் கதவைத் தட்டினாள்.

உள்ளே சில்வி ஒரு கதிரையில் இருந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தாள். கட்டில் நடுவில் ஸ்தெபான், அவனும் குளியல் அங்கியில், பன்றி இறைச்சி சான்ட்விச் சாப்பிட்டபடி. தவக்கால வெள்ளிக்கிழமையில் இறைச்சியைக் கண்ட அல்போன்சம்மா கண்ணை மூடித் திறந்தாள். ஹென்றி அவளுக்குப் பின்னால் நின்று, ஓடாத பிரெஞ்சை ஓடவிட்டு, "என் மனைவியின் அம்மா. மெலனி கலியாணப் பெண் என்று சொல்லிவிட்டேன். தயவுசெய்து" என்றான். சில்வி கோப்பியை மெதுவாக வைத்தாள். இருபது வருடமாக ஹோட்டல் அறைகளில் பொய் சொல்லிப் பிழைத்தவள். "வாருங்கள் மதாம்" என்று எழும்பி நின்றாள்.

"இவர் ஆர்?" என்று அல்போன்சம்மா கட்டிலைக் காட்டினாள்.

"மாப்பிள்ளை, மாமி."

"மாப்பிள்ளையோ! தாலி கட்ட முதல் பொம்பிளையின்ரை அறைக்குள்ளை அவருக்கு என்ன வேலை? நீங்கள் எத்தினை கலியாணம் எடுத்தனீங்கள், இதைச் சொல்லிக் குடுக்கமாட்டியளோ? வெளியாலை விடுங்கோ!"

மொழி விளங்காவிட்டாலும் தொனி விளங்கியது. ஸ்தெபான் சான்ட்விச்சையும் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினான்.

அதன் பிறகு அந்த அறை அல்போன்சம்மாவின் கைக்குப் போய்விட்டது. மெலனியைக் கதிரையில் இருத்தினாள். கிளிப் எல்லாவற்றையும் கழற்றித் தலையைச் சிக்கெடுத்து, வழித்து இழுத்து, பிடரியில் ஒரு கொண்டை போட்டாள். "இவ்வளவு சிவப்பு என்னத்துக்குப் பிள்ளை, உன்ரை வாய் வடிவான வாய்" என்று தமிழில் சொல்லிக்கொண்டே சாயத்தைத் துடைத்தாள். வண்டிலில் இருந்து புதுக் கட்டில் விரிப்பொன்றை எடுத்து உதறி, மடித்து, அவள் தலையில் பொம்பிளை நெட்டாக, முக்காடு மாதிரிப் போட்டுவிட்டாள். சத்தியமாகச் சொல்லலாம், மெலனி பொம்பிளை மாதிரியேதான் இருந்தாள். பிறகு அல்போன்சம்மா அவள் நெற்றியில் பெருவிரலால் சிலுவை வரைந்து, தலையில் கை வைத்து, அருள் நிறைந்த மரியே சொல்லத் தொடங்கினாள்.

"எடுங்கோ தம்பி, எடுங்கோ. என்ன பார்த்துக்கொண்டு நிக்கிறியள்?"

ஹென்றி எடுத்தான். இம்முறை கமரா யன்னல் சீலைக்குப் போகவில்லை. முதல் மூன்று மந்திரத்துக்கும் மெலனி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். நாலாவதில் அவள் முகம் என்னவோ செய்தது. ஐந்தாவதில் கண்ணீர் பொலபொலவென்று விழுந்தது. சில்வி, கோயில் வாசலை மிதித்து முப்பது வருடமானவள், தன்னை அறியாமல் நெற்றியில் இருந்து நெஞ்சுக்குக் கையைக் கொண்டுபோனதை ஹென்றி லென்ஸ் ஓரத்தில் கண்டான்.

போகும்போது அல்போன்சம்மா கதவடியில் திரும்பினாள். "பொம்பிளை மாப்பிள்ளையை விருந்துக்குக் கூப்பிடாமல் விட்டால் சரியில்லை. உயிர்த்த ஞாயிறு மத்தியானம் எங்கடை வீட்டை. சொல்லுங்கோ தம்பி, பிரெஞ்சிலை சொல்லுங்கோ."

வண்டில் சத்தம் தூரப் போனது. மெலனியின் கண்ணெல்லாம் வீங்கி, மூக்கு சிவந்து, அன்றைக்கு ஒன்றும் எடுக்கக்கூடிய நிலை இல்லை. சில்வி லைட்டை நிறுத்தினாள்.

"ஒரு தரம் பொலிஸ் வந்து நின்றது. ஒரு தரம் தண்ணீர்க் குழாய் வெடித்து நின்றது" என்றாள். "செபத்தால் படம் நின்றது இதுதான் முதல் தரம்."

வீட்டுக்கு வந்தால் அங்கே செய்தி அவனை முந்திவிட்டிருந்தது. அல்போன்சம்மா மேல்மாடியில் மகன் றொக்சனோடு இருக்கிறாள். ஜொய்சியிடம் இறங்கி வர எட்டுப் படிதான். "காப்புறுதிக் கம்பனி எண்டியள்?" என்று ஜொய்சி கேட்டாள். "அதுக்குப் போன ஹோட்டலிலைதான் கலியாணக்காரர் என்னைப் பிடிச்சவை, கடைசி நேர ஓடர்" என்று ஹென்றி மழுப்பினான். அந்த ஐந்து நிமிடத்தை மட்டும் வேறு வீடியோ நாடாவில் இறக்கிக் கொடுத்தான். ஜொய்சி அதற்கு வயலின் போட்டு, மூலையில் இரண்டு புறாவைப் பறக்கவிட்டாள். "லைட் இவ்வளவு நல்லாய் நீங்கள் ஒரு நாளும் போட்டதில்லை" என்று பாராட்டவும் செய்தாள். அல்போன்சம்மா அதைச் செபக்கூட்டத்துப் பெண்கள் எல்லாருக்கும் போட்டுக் காட்டினாள். பார்க்காமல் விட்டவன் றொக்சன் ஒருவன்தான். கலியாண வீடியோ என்றால் அவன் ஓடிவிடுவான்.

விருந்தைத் தட்டிக் கழிக்க ஹென்றி படாத பாடில்லை. தேனிலவுக்குக் கியூபா போயிருக்கிறார்கள் என்றான். "வெய்யில் எரிச்சுக் கறுத்து வரட்டும், எனக்கென்ன" என்றாள் மாமியார். கடைசியில் காலை வாரிவிட்டவள் மெலனி. "அந்த அம்மா என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாரே, எந்த நாள்?" என்று அவளே கேட்டாள். மூன்று வாரமாக அந்தக் கொண்டையைப் போல ஒன்று போட்டுப் பார்க்கிறாளாம், வரவில்லையாம். ஸ்தெபானிடம் ஆட்டிறைச்சி என்று ஒரு சொல் போதுமாக இருந்தது.

உயிர்த்த ஞாயிறு வந்தது. மெலனி கழுத்து வரை மூடிய நீலச் சட்டையில் வந்தாள், ஸ்தெபான் கழுத்துப்பட்டி கட்டி, கேக் பெட்டியோடு வந்தான். நாற்பது நாள் மச்சம் மாமிசம் குறைத்த வீடு, அன்றைக்கு மொத்தமாக ஈடுகட்டியது. ஆட்டிறைச்சிப் பிரட்டல், இறால் குழம்பு, கணவாய், கத்தரிக்காய்ப் பால்கறி, கட்லட். அல்போன்சம்மா மெலனியைத் தனக்குப் பக்கத்தில் இருத்தி, கையால் பிசைந்து சாப்பிடக் காட்டிக் கொடுத்தாள். ஜொய்சி பிரெஞ்சில் மொழிபெயர்த்து மொழிபெயர்த்துச் சிரித்தாள். ஹென்றி வழக்கம்போலக் கமராவைத் தூக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தான். கலியாண வீடு என்றால் அவன் நின்றுதான் பழக்கம். இன்னும் ஒரு மணித்தியாலம், பிறகு கேக், பிறகு கைகொடுத்து அனுப்பிவிட்டால் தப்பினேன் என்று அந்தோனியாருக்கு நேர்ந்துகொண்டான்.

அப்போதுதான் றொக்சன் கோயிலில் இருந்து வந்தான். ஜொய்சியின் தம்பி, முப்பத்தொரு வயது, பாடகர் குழாமுக்குத் தலைவன், இளைஞர் மன்றத்துக்குச் செயலாளர். அஜிதா என்ற பிள்ளையைப் பேசி முடித்து, அடுத்த மாதம் மோதிரம் மாற்ற நாள் வைத்திருந்தது. சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே நிமிர்ந்தவன் மெலனியைக் கண்டான். பிறகு ஸ்தெபானைக் கண்டான். ஒரு காலில் சப்பாத்து, ஒரு காலில் இல்லை, அப்படியே நின்றான். அவன் காது இரண்டும் பிரட்டல் நிறத்துக்கு வந்தன.

"நான் இவையை முன்னைப் பின்னைக் கண்டதில்லை" என்றான்.

யாரும் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை.

ஸ்தெபான் எழும்பிக் கை நீட்டினான். றொக்சன் அந்தக் கையைக் கரண்ட் கம்பியைத் தொடுகிறவன் மாதிரித் தொட்டுவிட்டு, தண்ணீர் எடுக்கவேண்டும் என்று குசினிக்குள் ஓடினான். ஜொய்சியின் சிரிப்பு நின்றதை ஹென்றி பார்த்தான். அவள் எழும்பித் தம்பிக்குப் பின்னால் போனாள். கமராவை மேசையில் வைத்துவிட்டு ஹென்றியும் போனான்.

குசினியில் ஜொய்சி கதவைச் சாத்தினாள். அவளுடைய குரல் தாழ்ந்திருந்தது, அதுதான் பயம்.

"அவளுக்கும் உனக்கும் என்ன தொடுசல்?"

"ஒண்டும் இல்லை அக்கா."

"என்னைப் பேய்க்காட்டாதை. கண்ட உடனை உனக்கு உயிர் போயிட்டுது. நேத்துக் கலியாணம் முடிச்ச பெட்டையடா அவள்! பழைய கதையோ, இப்பவும் நடக்குதோ?"

றொக்சன் ஹென்றியைப் பார்த்தான். ஹென்றி அவனைப் பார்த்தான். அந்த ஒரு பார்வையில் அத்தானும் மச்சானும் ஒருவரைப் பற்றி ஒருவர் அறியவேண்டியதை எல்லாம் அறிந்துகொண்டார்கள். றொக்சன் கோயிலால் வந்து அறைக்கதவைச் சாத்திக்கொண்டு என்ன பார்க்கிறான் என்பது ஹென்றிக்கு விளங்கியது. அந்தப் படங்களில் முக்கியமான கட்டத்தில் யன்னல் சீலையைக் காட்டுகிற கமராக்காரன் யார் என்பது றொக்சனுக்கு விளங்கியது.

"வாயைத் திறக்கமாட்டாய் என்ன?" ஜொய்சி சுவரில் இருந்த போனை எடுத்தாள். "சரி. அஜிதாவின்ரை தாய்க்கு நான் இப்பவே சொல்லுறன். அந்தப் பிள்ளையை ஏமாத்திக் கட்ட நான் விடன்."

றொக்சன் கண்ணை மூடிக்கொண்டான். எங்கே கண்டேன் என்று அக்காவிடம் சொல்வதைவிட, கள்ளத் தொடர்பென்ற பழியோடு போவது அவனுக்கு மேலாகப் பட்டது போலிருந்தது.

ஹென்றி தப்பிவிட்டான். அது அவனுக்குப் பளிச்சென்று தெரிந்தது. சும்மா நின்றால் போதும். இவன் சாகும்வரை வாய் திறக்கப்போவதில்லை. மெலனியும் ஸ்தெபானும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஜொய்சி நாளைக்கும் சேட்டு மினுக்கித் தருவாள். அந்த ஒரு கணம் அவனுக்குச் சுகமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் றொக்சனின் ஒரு கால் சப்பாத்தில்லாமல் குளிர்ந்த தரையில் நடுங்கிக்கொண்டிருந்தது. போனுக்குள்ளே அந்தப் பக்கத்து மணி அடிக்கத் தொடங்கிவிட்டது.

"ஜொய்சி, போனை வையும்" என்றான். "அவனுக்கு அவளோடை ஒண்டும் இல்லை. எனக்குத்தான் அவளைத் தெரியும்."

ஜொய்சி போனை வைத்தாள். மிக மெதுவாக வைத்தாள்.

"உங்களுக்கோ?"

"அப்பிடி இல்லை. கடவுளாணை அப்பிடி இல்லை. அவள் பொம்பிளை இல்லை. அவன் மாப்பிள்ளையும் இல்லை. அவை நடிக்கிற ஆக்கள். நான் படம் எடுக்கிறன்."

"என்ன படம்?"

தமிழில் அதற்கு மரியாதையான சொல் ஒன்றும் ஹென்றிக்கு வரவில்லை. பிரெஞ்சிலும் வரவில்லை. "அந்தப் படம்" என்றான். "பெரிய ஆக்கள் கதவைச் சாத்திப்போட்டுப் பார்க்கிற படம். காப்புறுதிக் கம்பனி எண்டு ஒண்டும் இல்லை. நாலு வருசமா."

அடுப்பில் பிரட்டல் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. ஜொய்சி அவனைப் பார்த்தாள். பிறகு என்னவோ நினைவு வந்தது போலத் தம்பி பக்கம் திரும்பினாள்.

"அப்ப நீ ஏன் முழிச்சனி?"

றொக்சன் தரையைப் பார்த்தான்.

"ஓ" என்றாள் ஜொய்சி. ஒரு கையால் வாயைப் பொத்தினாள். அது சிரிப்பா அழுகையா என்று இரண்டு ஆண்களுக்கும் பிடிபடவில்லை. "நல்ல குடும்பம். ஒருத்தர் எடுக்கிறார், ஒருத்தர் பார்க்கிறார். நான் கீழை இருந்து புறா பறக்கவிடுறன். நீ போடா, மற்றச் சப்பாத்தையும் கழட்டிப்போட்டு அவைக்குச் சோறு போடு. உன்னோடை பேந்து கதைக்கிறன்."

றொக்சன் ஓடினான். கதவு சாத்திக்கொண்டது.

ஹென்றி ஏச்சுக் கேட்கக் காத்திருந்தான். சீ என்பாள், வீட்டைவிட்டுப் போ என்பாள், தாயைக் கூப்பிடுவாள் என்று ஒவ்வொன்றாக மனதில் தயார்பண்ணினான். அவள் அடுப்பைக் குறைத்தாள். துணியால் மேடையைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே இன்னொரு தரம் துடைத்தாள்.

"நான் சேட்டு மினுக்கித் தந்தன்" என்றாள்.

அதை அவன் எதிர்பார்க்கவில்லை.

"விடிய எழும்பி, கம்பனிக்காரருக்கு முன்னாலை என்ரை மனிசன் ஒரு குறைவும் இல்லாமல் நிக்கவேணும் எண்டு மினுக்கினன். எனக்குச் சொல்லியிருக்கலாம்."

"சொன்னால் விட்டிருப்பீரோ?"

"விட்டிருக்கமாட்டன்" என்றாள் ஜொய்சி. "ஆனா சொல்லியிருக்கலாம்."

அவள் கண் நிறைந்துவிட்டது. ஹென்றிக்கு நெஞ்சு வலித்தது. பிடிபட்டதற்கு அல்ல, இவ்வளவு காலமும் அந்தக் கீழறையில் அவளைத் தனிய இருத்திவிட்டுப் போனோமே என்று வலித்தது.

"மாமிக்கு நான் சொல்லுறன்" என்றான்.

"ஒண்டும் சொல்லவேண்டாம். அந்தப் பிள்ளை உண்மையா அழுதிருக்கிறாள். வீடியோவை வெட்டி ஒட்டினவள் நான், எனக்குத் தெரியும். அம்மா போட்ட சிலுவையை நீங்கள் பொய்யாக்கவேண்டாம்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ஆனா பாருங்கோ, இனி ஒவ்வொரு ஞாயிறும் அம்மா கேப்பா, அந்தப் பிள்ளைக்கு விசேஷம் ஒண்டும் இல்லையோ எண்டு. அதுக்கு நீங்கள்தான் பதில் சொல்லவேணும். நான் சொல்லன்."

கூடத்தில் இருந்து அல்போன்சம்மாவின் குரல் வந்தது. "ரெண்டு பேரும் உள்ளுக்கை என்ன செய்யிறியள்? தம்பி, கமராவோடை வாங்கோ, பொம்பிளை கட்லட் சாப்பிடுற வடிவை எடுங்கோ!"

ஜொய்சி முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் போனாள். மெலனிக்குப் பக்கத்தில் இருந்து, அவள் காதில் என்னவோ சொன்னாள். மெலனி சிவந்துபோய், பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஹென்றி மேசையில் இருந்த கமராவை எடுத்தான். தூக்கிக் கண்ணில் வைத்ததும் கண்ணாடிக்குள் ஜொய்சி நேரே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இண்டைக்குப் படம் வேண்டாம்" என்றாள். "வந்து இருந்து சாப்பிடுங்கோ."

அவன் கமராவை வைத்துவிட்டு வந்து இருந்தான். அவளுக்கு எதிர்க்கதிரைதான் காலியாக இருந்தது. ஜொய்சி அகப்பையை எடுத்து ஸ்தெபானுக்குப் போட்டாள், மெலனிக்குப் போட்டாள், தாய்க்குப் போட்டாள், தலை நிமிராத றொக்சனுக்குக்கூட இரண்டு கரண்டி போட்டாள். பிறகு அகப்பையைச் சட்டிக்குள் வைத்துவிட்டுத் தன் சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சாப்பிடத் தொடங்கினாள்.

அல்போன்சம்மாவின் கண்ணுக்கு எது தப்பும்? "ஏன் பிள்ளை, மனிசனுக்குப் போடேல்லை?"

"அவருக்குக் கை இருக்கு அம்மா."

ஹென்றி எட்டி அகப்பையை எடுத்துத் தானே போட்டுக்கொண்டான். இறைச்சி அடிப்பிடித்து, உப்பும் ஒரு கை கூடிப்போயிருந்தது. அவன் கோப்பையில் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டான்.